செங்கோட்டைப் பால் மாதிரி குறித்து மகனுக்குத் திருத்திய அறிக்கை

பெங்களூரில் இருக்கும் மகனுக்குத் தென்காசியிலிருந்து அப்பா தண்ணீர் கலக்காமல் எழுதிக்கொள்வது.

நலம் விசாரிப்பதை உன் அம்மா தினமும் போனில் செய்துவிடுவதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் சரியாக இருந்தால் ஆவணியில் உனக்கும் கோமதிக்கும் நிச்சயதார்த்தம். சரியாக இல்லையென்றால் இல்லை. நான் மிகைப்படுத்தவில்லை. செங்கோட்டையில் அவள் வீட்டில் நடந்ததை நானே என் கையால் உனக்கு எழுத வேண்டும், நகல் முதலில் அவளிடம் போக வேண்டும், அவள் படித்துப் பார்த்துக் கலப்படம் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவள் அப்பா செல்லையா தேதி குறிப்பார். இதுதான் ஏற்பாடு. முப்பத்திரண்டு வருடம் பால் பண்ணைப் பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் பாலில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது என் எழுத்தே மாதிரியாகிச் சோதனைக்குப் போகிறது. ஓய்வூதியம் வாங்குகிற வயதில் இதுவும் ஒரு அனுபவம்.

உன் அம்மா உனக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். "அப்பா வேட்டியில ஏதோ மருந்து கொட்டிட்டாரு, அதுல கொஞ்சம் பேச்சு வந்துட்டு, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அது கொழுப்பு நீக்கிய பால். தவறில்லை, செரிமானத்துக்கும் நல்லது. ஆனால் கோமதி கேட்டிருப்பது கறந்தபடி இருக்கிற பால்.

என் பையை உனக்குத் தெரியும். பாலின் அடர்த்தி பார்க்கிற லாக்டோமீட்டர், இரண்டு சோதனைக் குழாய், மாவு பட்டால் நீலமாகிற அயோடின் ஒரு புட்டி, சோடா உப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் புட்டியில் ரோஸாலிக் அமிலம், யூரியா பார்க்கிற காகிதக் கீற்று. நான் ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பையை நானாக எடுத்துக்கொண்டேன். நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது உன் சிநேகிதன் பிறந்தநாளுக்குக் கொடுத்துவிட்ட பால்கோவாவில் பாதியை நான் சோதித்தது உனக்கு நினைவிருக்கும். மாவு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, உன் கையிலேயே கொடுத்து, அவன் அப்பாவிடம் சேர்க்கச் சொன்னேன். நீ சேர்த்தாய். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஆறாம் வகுப்பில் உனக்குச் சிநேகிதனே இல்லை. அந்தப் பால்கோவாவில் மாவு இருந்தது உண்மை. ஆனால் உண்மையை அனுப்பிவைக்கப் பத்து வயதுப் பிள்ளையின் புத்தகப் பை சரியான வாகனம் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்குப் போய்வர வேண்டியிருந்தது.

நானும் உன் அம்மாவும் பெண் பார்க்கப் போனது, உனக்கு லீவு கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிற கார்கள் தென்காசியிலேயே வரிசை கட்டிவிட்டன. உன் அம்மா எனக்காக ஒரு வேட்டிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பிறகும் வேட்டி நின்றுகொண்டிருந்தது. செங்கோட்டையில் இறங்கி அவர்கள் வீட்டுக்கு நடப்பதற்குள் சாரல் அதை இளக்கி, எனக்கு உட்கார வசதி செய்துகொடுத்தது. புறப்படும்போது உன் அம்மா என்னிடம் ஒரு வாக்குறுதி வாங்கியிருந்தாள்: பையை எடுத்து வரக்கூடாது. நான் எடுத்துப் போகவில்லை. ஒரு குழாயும் அயோடின் புட்டியும் மட்டும் சட்டையில் இருந்தன. வாக்குறுதியின் வாசகத்தில் சட்டை வரவில்லை.

செல்லையாவைப் பற்றி நீ சொன்னது அத்தனையும் சரி. பத்து மாடு வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்துப் பாலையும் சேர்த்துக் குற்றாலத்துக் கடைகளுக்கு ஊற்றுகிறார். சீசனில் ஒருநாள் அவர் வண்டி வராவிட்டால் அருவிக்கரையில் பாதிக் கடைகளில் பால் இல்லாத கட்டஞ்சாயாதான் கிடைக்கும். நல்ல மனிதர். என்னை வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். காபியா என்று கேட்டார்கள். "காபி வேண்டாம், பால் போதும்" என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தும் நான் கேட்டு நடந்ததில்லை.

கோமதி பால் கொண்டுவந்து கொடுத்தாள். முக்கால் டம்ளர் குடித்தேன். நல்ல பால். கை கழுவுகிற சாக்கில் மிச்சத்தோடு பின்பக்கம் போனேன். குழாயைத் தொட்டித் தண்ணீரில் கழுவினேன். உள்ளே ஈரம் நின்றால் நானே பாலில் தண்ணீர் கலந்ததாகிவிடும் என்பதால், வேட்டி நுனியைத் திரித்து உள்ளே விட்டு நன்றாகத் துடைத்தேன். பாலை ஊற்றினேன். அயோடின் சோதனையில் ஒரு விதி உண்டு. பால் சூடாக இருந்தால் நீலம் தெரியாது. ஆறிய பிறகுதான் தெரியும். ஆகவே குழாயைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக் கொட்டகையையும் மழையையும் பார்த்தபடி, ஆறும்வரை நின்றேன். பொறுமை வேண்டும் என்று உனக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். எதற்காகப் பொறுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆறியதும் இரண்டு சொட்டு விட்டேன். நீலம் வந்தது. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த எவனுக்கும் அந்த நேரத்தில் ஏற்படுகிற வருத்தம் எனக்கும் ஏற்பட்டது.

கூடத்துக்கு வந்து, வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் டம்ளரையும் குழாயையும் வைத்தேன்.

"பால்ல மாவு இருக்கு" என்றேன்.

செல்லையா சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று நீ அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாய் போலிருக்கிறது. "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"அயோடின் நீலமா மாறிட்டு. மாவு இருந்தாத்தான் மாறும்."

"அண்ணாச்சி, இது கடைக்கு ஊத்துத பால்கூட இல்ல. எங்க வீட்டுக்குன்னு காலையில கறந்தது. என் பால்ல நானே மாவைக் கலந்து நானே குடிப்பனா?"

"சோதனை ஆள் பாக்காது" என்றேன். இது நான் வேலையில் இருந்தபோது பலரிடம் சொல்லி மெருகேற்றி வைத்திருந்த வாக்கியம். இதற்கு யாரும் மறுமொழி சொன்னதில்லை.

"ஆள் பாக்காதுன்னா, பொறவு பொண்ணு பாக்க எதுக்கு வந்திய?" என்றார் செல்லையா.

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "ஏட்டி கோமதி, அந்த டம்ளர்ல முன்னாடி வேற எதும் ஊத்தி வச்சிருந்தியா?" அந்த அம்மாள் சமையலறையில் நின்றபடியே தன்மேல் என்ன தப்பு என்று தேட ஆரம்பித்துவிட்டார். நான் கொடுத்த அறிக்கைகளெல்லாம் யார் வீட்டு அடுக்களையில் போய் என்ன செய்தன என்று நான் பார்த்ததே கிடையாது. தபாலில் போய்விடும்.

கோமதி வந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற பெண் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தப் படிப்பு என்மேல் பாயும் என்று சொல்லவில்லை. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மாமா, இதைக் கழுவுனீங்களா?"

"கழுவாம ஊத்துவனா? கழுவி, நல்லாத் தொடச்சுத்தான் ஊத்துனேன்."

"எதுல தொடச்சீங்க?"

முப்பத்திரண்டு வருடப் பணியில் இந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் என் வேட்டியின் முறுக்கிய நுனியைப் பார்த்தாள். "புட்டியைத் தாங்க மாமா" என்று வாங்கி, குனிந்து, அந்த நுனியில் ஒரு சொட்டு விட்டாள். கருநீலம். பாலில் வந்ததைவிட நல்ல நிறம். பிறகு குழாயைக் கொண்டுபோய்க் கழுவி, துடைக்காமல் உதறி, டம்ளரின் அடியில் இருந்த பாலை ஊற்றி ஒரு சொட்டு விட்டாள். வெளிர் மஞ்சளாகவே நின்றது.

"மாவு வேட்டியில இருக்கு மாமா" என்றாள். கேலி இல்லை. அறிக்கை வாசிக்கிற குரல். கேலியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கஞ்சி போட்டது நாந்தான்" என்றாள் உன் அம்மா. "மாப்பிள்ளைக்கு அப்பா மொடமொடன்னு இருக்கட்டுமேன்னு போட்டேன். இந்த மனுசன் அதைக் கட்டிக்கிட்டு வந்து ஊரைச் சோதிப்பாருன்னு யாரு கண்டா?"

செல்லையா மனைவி அடுக்களைக்குள் சிரித்தது கேட்டது. செல்லையா சிரிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போகப் பார்த்தேன். அயோடின் ஒரு சொட்டு கூடிப்போனதாலும் இருக்கலாம் என்று விளக்க நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கோமதி தடுத்தாள். "இப்பம் போவாதீங்க மாமா. சூட்டுல ரிசல்ட் பாக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லுவீங்களாமே." என் வாக்கியங்களையெல்லாம் நீ பெங்களூரில் இப்படி விநியோகம் செய்கிறாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகுதான் அவள் நிபந்தனையைச் சொன்னாள். "நடந்ததை நீங்களே அவங்களுக்கு எழுதணும். போன் வேண்டாம், பக்கத்துல அத்தை இருப்பாங்க. வாட்ஸப்பும் வேண்டாம், அழிச்சிரலாம். கையால எழுதுங்க." ஏன் என்று கேட்டேன். "அவங்க, வீட்டுக்கு யாரையும் கூப்பிடவே பயப்படுதாங்க மாமா. கூட வேலை பாக்கவங்களைக்கூட ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டதில்ல. நான் அந்த வீட்டுக்கு வரணும்லா?" என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் ஒன்று சொல்வேன். எந்த மாதிரியைச் சோதிக்குமுன்னும், எதுவும் கலக்காத ஒன்றை அதே குழாயில், அதே மருந்தில் சோதித்துப் பார். அதற்கு வெற்றுச் சோதனை என்று பெயர். குழாய் அழுக்கா, மருந்து கெட்டதா, கை சுத்தமா என்று அது சொல்லிவிடும். உன்னைச் சோதித்துக்கொண்டு ஊரைச் சோதி என்பதுதான் அதன் பொருள். நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். செங்கோட்டையில் செய்யவில்லை. நீயும் ஒருநாள் கோமதியைப் பார்த்து, இவள் இன்று ஏன் இப்படி இருக்கிறாள் என்று யோசிப்பாய். முதலில் உன் வேட்டியைப் பார். நீ பேன்ட்தான் போடுகிறாய் என்பது தெரியும். கஞ்சி எதில் வேண்டுமானாலும் இருக்கும்.

லாக்டோமீட்டரையும் நம்பாதே. தண்ணீர் ஊற்றினால் அது இறங்கும், உண்மைதான். பாலாடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் அளவாகச் செய்தால், உருப்படியாக ஒன்றும் இல்லாத பாலில் அது சரியான கோட்டில் மிதக்கும். உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து நான் அப்படித்தான் ஏமாந்தேன். எண் சரியாக இருந்தது. நீ அந்த வருடம் முழுக்க யாரோடும் பேசவில்லை என்பதை உன் அம்மாதான் கவனித்தாள். அவளிடம் கருவி எதுவும் இல்லை.

கல்யாண வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். பழைய பாலைக் காய்ச்சினால் திரிய வேண்டும். திரியாவிட்டால் சந்தோஷப்படாதே, புளிப்பு தெரியாமல் இருக்க யாரோ சோடா போட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி முதல் மூன்று மாதம் உன் அம்மா நான் சொன்ன எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நான் அதைப் பெருமையாக வேலையிடத்தில் சொன்னேன். அங்கே ஒரு மூத்தவர், "சோடா இருக்கான்னு பாரும்" என்றார். நான்காம் மாதம், அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த நெய்யை நான் பரிசோதனைக்கூடத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, சுத்தமானது என்று சான்றிதழ் எழுதி அவள் அண்ணனிடம் கொடுத்தபோது பால் திரிந்தது. சுத்தம் என்றுதானே எழுதினேன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. "நல்ல நெய்யின்னு நீரு எழுதுனாத்தான் நல்ல நெய்யா?" என்றாள். அன்று தொடங்கி வாரம் ஒருமுறை தவறாமல் திரிகிறது. தரமான பால். அந்த வேட்டிக் கறையையும் அவள்தான் எலுமிச்சம்பழம் தேய்த்து எடுத்தாள். ரசாயனம் தெரியாதவள் என்று நான் இத்தனை காலம் நம்பிவந்தவள்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் கறந்தபடி என்றால் அடியில் இருப்பதும் வரவேண்டும். நீ பிறப்பதற்கு முந்தின வருடம் அச்சன்புதூரிலிருந்து உலகம்மாள் என்று ஒரு பெண் ஒரு மிட்டாய்க்கடைக்கு நெய் கொடுத்துவந்தாள். கடைக்காரர் அதைச் சோதிக்கச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்தார். பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கந்தகம் கரைத்த மருந்தை ஊற்றிக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் வைத்தால், எண்ணெய் இருந்தால் சிவக்கும். லேசாகச் சிவந்தது. கலப்படம் என்று எழுதினேன். கடைக்காரர் நெய் வாங்குவதை நிறுத்திவிட்டார். உலகம்மாள் பஸ் பிடித்து வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள். "சார், நான் ஒண்ணும் கலக்கல. என் மாடு பருத்திக்கொட்டைதான் திங்குது" என்றாள். மாடு தின்பதற்கும் நெய்க்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்: பருத்திக்கொட்டை நிறையத் தின்கிற மாட்டின் நெய்யும் அந்தச் சோதனையில் சிவக்கும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன். அன்று மாலையே அச்சன்புதூருக்கு பஸ் இருந்தது. மறுநாளும் இருந்தது. ஏறக்குறைய முப்பது வருடமாக இருந்துகொண்டே இருந்தது.

போன புதன்கிழமை ஏறினேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். உலகம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் வாளியைக் கீழே வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

"ஆமா. எனக்குத் தெரியல. தப்புதான்."

"தப்புன்னு வாயால சொன்னா? கலப்படம்னு சொன்னது மட்டும் பேப்பர்ல, சீல் குத்தி வந்துச்சி. இதையும் பேப்பர்ல தாரும்."

ஓய்வு பெற்றுவிட்டேன், சீல் என்னிடம் இல்லை என்றேன். "கையெழுத்து இருக்கும்லா?" என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்து வாங்கிவந்தாள். அவள் நெய் சுத்தமானது என்றும், சிவந்ததற்குக் காரணம் மாட்டின் தீவனம் என்றும், தவறு சோதித்தவனுடையது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இரண்டு முறை சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மடித்து ரேஷன் கார்டு வைத்திருக்கிற டப்பாவில் வைத்தாள். எனக்கு மோர் தரவில்லை. தர வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது, பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கே தெரிந்தது.

மேலே உள்ளது வரை எழுதி, நகல் எடுத்து, வெள்ளிக்கிழமை செங்கோட்டைக்குக் கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை காலை கோமதி போன் செய்தாள்.

"மாமா, கடுதாசி நல்லாருக்கு. அச்சன்புதூர் விசயத்தை அப்பாவே ரெண்டு தடவை படிச்சாங்க."

"அப்ப சரியா?"

"ஒரு எடத்துல மட்டும் தண்ணி இருக்கு."

எந்த இடம் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"நீலம் வந்ததும் வருத்தமா இருந்துச்சின்னு எழுதிருக்கீங்க. நான் அடுக்களை சன்னல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தேன் மாமா. நீங்க சிரிச்சீங்க."

ஆகவே இந்தத் திருத்தம். சிரித்தேன். அந்தக் கொட்டகை ஓரத்தில், மழையில், உனக்கு வரப்போகிற மனைவியின் வீட்டுப் பால் நீலமானதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். உலகம்மாளின் நெய் சிவந்தபோதும் அப்படித்தான். உன் சிநேகிதனின் பால்கோவாவுக்கும் அப்படித்தான். சுத்தமாக இருந்த நாட்களில் எனக்கு லேசான ஏமாற்றம் இருக்கும். முப்பத்திரண்டு வருடத்தில் இதை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதியதில்லை. அதற்குக் கட்டம் கிடையாது. உன் குழாயிலும் இது கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். என்னிடமிருந்து வந்திருக்கும். யாரிடமாவது குறை கண்டுபிடித்ததும் உனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வந்தால், அந்த முடிவை எழுதாதே. குழாயைக் கழுவு.

இதை அவளிடம் போனிலேயே வாசித்தேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "இப்பம் சரியா இருக்கு மாமா. அனுப்பிருங்க" என்றாள்.

இன்று காலை செல்லையா ஒரு தூக்குவாளியில் பால் கொடுத்தனுப்பியிருந்தார். தேதியைப் பற்றி எழுதியனுப்புவார் என்று நினைத்தேன். எதுவும் இல்லை, பால்தான். உன் அம்மா காய்ச்சி டம்ளரில் ஊற்றி, என் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். பை பரணில் இருக்கிறது. அயோடின் மட்டும் மேஜை இழுப்பறையில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஆறட்டும் என்று டம்ளரைத் தள்ளி வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கவில்லை. தள்ளி வைக்கவில்லை. சூடாகவே குடித்துவிட்டேன். நாக்கு வெந்துவிட்டது. நல்ல பால்.